சாக்பீஸ் கோட்டுக்கு அப்புறம்தான் படம்

"3டி எப்ப சார் கிடைக்கும்?" பில்டரிடம் சாவி வாங்கிய கையோடு இன்டீரியர் டிசைனரைத் தேடி வருகிறவர்களின் முதல் கேள்வி இதுதான், முடிந்த வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டும் படம் எப்போது என்று. இரண்டாவது, "சதுர அடிக்கு என்ன ரேட்?" இரண்டுக்கும் சட்டென்று பதில் சொன்னால் வேலை கைக்கு வந்துவிடும் என்பதால் தொழிலில் முக்கால்வாசிப் பேர் சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்குள் டேப்பை விரிப்பதற்கு முன்பே படம் போய்விடுகிறது. ஃப்ளோர் பிளானை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மூன்று நாளில் சமையலறை பளபளவென்று திரும்பி வரும். ஜன்னல் வழியே மாலை வெயில், மேடைமேல் ஒரு கிண்ணம் நிறையப் பச்சை ஆப்பிள், பக்கத்தில் மூங்கில் செடி. கிரைண்டர் இருக்காது. சிலிண்டர் இருக்காது. இட்லிப் பானையும் 25 கிலோ அரிசி மூட்டையும் எங்கே போகும் என்று அந்தப் படத்துக்குத் தெரியாது.

படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கோடுகளாக இருக்கும் வரைபடத்தைப் பார்த்து அறையை மனதில் எழுப்புவது பழகியவர்களுக்கே சிரமம். பலகைமேல் ஒட்டும் லேமினேட் (மைக்கா) நிறமும் சுவர் நிறமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று காட்ட 3டியை விட நல்ல வழி கிடையாது. எனக்கு ஒப்பாதது அதன் வரிசை. படத்தைப் பார்த்துத் தலையாட்டியதும் வீட்டுக்காரர் மனதில் வீடு முடிந்துவிடுகிறது. பிறகு, "இந்த மூலையில் பீம் இறங்குது, லாஃப்ட் முழுசா வராது" என்றால், ஏதோ கொடுத்த வாக்கை மீறிவிட்ட மாதிரி முகம் சுருங்குகிறது. அதனால் டிசைனர் வாயைத் திறக்காமல் ஆசாரி தலையில் கட்டுகிறார். ஆசாரி அன்றைக்குக் கையில் கிடக்கும் துண்டுப் பலகையை வைத்துச் சமாளிக்கிறார். பத்து வருஷம் கூடவே இருந்து குடைச்சல் கொடுப்பவை அந்த நாலு அங்குலச் சமாளிப்புகள்தான்.

இந்தத் தொழிலின் வாசலில் காவலாளி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ஆர்க்கிடெக்ட்' என்று பெயர்ப்பலகை மாட்ட 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். 'இன்டீரியர் டிசைனர்' என்று மாட்ட அப்படி எதுவும் வேண்டாம். அதே 1972இல் தொடங்கிய இந்திய உள்வடிவமைப்பாளர் சங்கம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் சேர்வது அவரவர் விருப்பம். ஒரு லேப்டாப்பும் ஒரு மென்பொருளும் இருந்தால் நாளைக்கே கடை திறக்கலாம். ஆகவே ஆளை எடைபோட அவருடைய படங்கள் உதவாது. அவர் எப்படி அளக்கிறார் என்று பாருங்கள்.

நூல் கணக்கு

தச்சு வேலையில் ஓர் அங்குலம் என்பது எட்டு நூல். ஃப்ளாட் சுவர்கள் நூல் கணக்கில் பொய் சொல்லும். பிளானில் 10 அடி என்று இருக்கும் சுவர் பூச்சுக்குப் பிறகு 9 அடி 10 அங்குலமாக இருக்கலாம். ஒரே சுவர் கீழே ஓர் அளவும் மேலே வேறு அளவுமாக இருப்பது சர்வசாதாரணம். அதனால் அலமாரி உட்காரும் இடத்தைத் தரையோடு ஒருமுறை, 3 அடி உயரத்தில் ஒருமுறை, 7 அடியில் ஒருமுறை என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூன்றில் சின்ன அளவுதான் பெட்டியின் அளவு. மிச்சத்தை ஓர் அங்குல ஃபில்லர் பட்டை மூடிக்கொள்ளும். ஃபில்லருக்கு இடமே விடாமல் சுவரோடு சுவராகப் பெட்டி அடித்தால், ஓரக் கதவு 90 டிகிரி திறப்பதற்குள் கைப்பிடி சுவரில் இடிக்கும், உள்ளே இருக்கும் டிராயர் கதவில் மாட்டும்.

மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க கொத்தனார்கள் வைத்திருக்கும் 3-4-5 கணக்கை விடச் சிறந்த கருவி இன்னும் வரவில்லை. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, இன்னொரு சுவரில் 4 அடி குறித்துக்கொண்டு, இரண்டு புள்ளிக்கும் நடுவே குறுக்காக அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். 5 அடி 2 நூல் வந்தால் "ரெண்டு நூல்தானே" என்று விட்டுவிடத் தோன்றும். அந்த 2 நூல், 10 அடி மேடை முடிகிற இடத்தில் ஓர் அங்குலமாக வளர்ந்து நிற்கும். கிரானைட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி, அதை அடைக்க சிலிக்கான், சிலிக்கானில் ஆறு மாதத்தில் கறுப்புப் பூசணம்.

தரையும் அப்படித்தான். ஒரே அறைக்குள் 10, 15 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருக்கும். அதனால் முதல் வேலையாக லேசர் லெவலையோ டியூப் லெவலையோ வைத்து, தரையின் உயரமான புள்ளியிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் வீடு முழுக்கச் சுவர்களில் ஒரு மட்டக்கோடு ஓட்டிவிட வேண்டும். அதன் பிறகு மேடை, சுவிட்ச் போர்டு, லாஃப்ட் எல்லாவற்றுக்கும் உயரம் அந்தக் கோட்டிலிருந்துதான், தரையிலிருந்து கிடையாது. ஆளாளுக்குத் தரையிலிருந்து அளந்த வீட்டில் சுவிட்ச் போர்டுகள் படிக்கட்டு மாதிரி நிற்பதை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண் அதை விட்டு அகலாது.

இன்னொன்று, சுவர் எதனால் ஆனது என்று தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். புதிய அடுக்குமாடிகளில் பலவற்றை அலுமினிய அச்சு வைத்து, சுவரையே கான்கிரீட்டாக வார்க்கிறார்கள். மேஸ்திரிகள் 'மிவான்' என்பார்கள். அதில் சுவர்தான் கட்டடத்தையே தாங்குகிறது. அதை வெட்டிப் பைப் பதிக்கக் கூடாது. படத்தில் டிவிக்குப் பின்னால் வயரே தெரியாமல் வரைந்திருந்தால், அந்தச் சுவருக்கு முன்னால் 2 அங்குலம் தள்ளி ஒரு பலகைச் சுவர் எழுப்பித்தான் அதைச் செய்ய முடியும். ஹாலில் 2 அங்குலம் போகும், பட்ஜெட்டில் ஒரு தொகை போகும். இரண்டும் படத்தில் தெரியாது.

கோடு போடும் நாள்

அளந்து முடித்து பிளானும் போட்டாயிற்று. இனி வர வேண்டியது 3டி இல்லை, ஒரு பெட்டி சாக்பீஸும் ஒரு சுருள் மாஸ்கிங் டேப்பும். வயரிங் ஆரம்பிப்பதற்கு முன், வீடு காலியாகக் கிடக்கும்போதே, வரப்போகும் ஒவ்வொரு பொருளையும் முழு அளவில் தரையில் வரைந்துவிட வேண்டும். கட்டில், அலமாரி, சோபா, டைனிங் டேபிள், நாற்காலியைப் பின்னால் இழுத்து உட்கார வேண்டிய 2 அடி, திறந்த நிலையில் ஒவ்வொரு கதவும். அரை நாள் வேலை. இந்தத் தொழிலில் ஒரு வீட்டின் தலையெழுத்து மாறும் இடம் இதுதான் என்பது என் கட்சி. தொழிலில் அதிகமாக விட்டுப்போகும் வேலையும் இதுவே.

ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். 11 அடி நீளம். ஒரு சுவரில் கட்டிலின் தலைமாடு, எதிர்ச் சுவரில் அலமாரி. 78 அங்குல மெத்தைக்குச் சட்டமும் தலைப்பலகையும் சேர்த்துக் கட்டில் 6 அடி 9 அங்குலம். ஹேங்கரில் சட்டை தொங்க அலமாரிக்கு 2 அடி ஆழம் வேண்டும். ஆக 8 அடி 9 அங்குலம் போனால் நடுவே மிச்சம் 2 அடி 3 அங்குலம். 6 அடி அலமாரிக்கு 18 அங்குலத்தில் நாலு கதவு போட்டால் கதவைத் திறந்துகொண்டு ஓர் ஆள் நிற்கலாம். அழகுக்காக 24 அங்குலத்தில் மூன்று கதவு போட்டால், திறந்த கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே 3 அங்குலம்தான். நிற்கிற ஆள் கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். அதே அறை 10 அடியாக இருந்தால் மிச்சம் 1 அடி 3 அங்குலம். ஸ்லைடிங் கதவு வேண்டும், அதற்கு ஆழம் இன்னும் 2, 3 அங்குலம் கூடும், அப்போது நடக்க இடமில்லை. கட்டிலைத் திருப்பிப் போடுவது ஒன்றே வழி. இந்தக் கணக்கைத் தாளில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். தரையில் வரைந்து, "இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல நடந்து பாருங்க சார்" என்று சொன்னால் போதும். அவரே கட்டிலைத் திருப்பிவிடுவார்.

இந்த நாளில் வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவர்கள் வந்தே ஆக வேண்டும். பணம் கட்டுகிறவர் மட்டும் வந்தால் கோடு போடுவதைத் தள்ளிவைப்பது நல்லது. மேடை உயரம் 34 அங்குலம் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். உண்மையில் அது சமைப்பவரின் முழங்கையைப் பொறுத்தது. கையை மடக்கி நின்றால் முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு ஸ்டூல்மேல் பிளைவுட் துண்டுகளை அடுக்கி 32, 33, 34 அங்குலம் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். "அம்மா, சப்பாத்தி தேய்க்கிற மாதிரி ஒரு தடவை பண்ணிப் பாருங்க." மணிக்கட்டு அழுத்தும்போது தோள் மேலே தூக்கிக்கொண்டால் உயரம் அதிகம். முதுகு வளைந்தால் குறைவு. அடுப்பு இருக்கும் இடத்துக்குக் கணக்கு வேறு. மேடைமேல் வைக்கும் அடுப்பு 4 அங்குலம் உயரம், அதன்மேல் குக்கர், அல்லது இட்லிப் பானை. உயரம் குறைவானவருக்கு அந்தப் பானைக்குள் எட்டிப் பார்ப்பதே பாடு. அடுப்புக்கு மட்டும் மேடையை 3 அங்குலம் இறக்கினால் தீர்ந்தது. படத்தில் அந்த இறக்கம் அழகாக இருக்காதுதான்.

கிரைண்டர் எங்கே என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரே 10 கிலோவுக்கு மேல். கீழ் அலமாரியில் வைத்துவிட்டு வேண்டும்போது தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் மாவு அரைக்கிற ஆட்கள் கிடையாது. இழுக்கும் தட்டில் வைத்தால் கிரைண்டர் ஓடும்போது அதிர்ந்து, தட்டு நகரும் சேனல் தளர்ந்துவிடும். ரோலர் ஷட்டருக்குள் ஒளித்து வைத்தால், கழுவிய ஈரம் காயாமல் பலகை ஊறும். யூட்டிலிட்டியில் (சமையலறையை ஒட்டிய கழுவும் இடம்) குழாய்க்குப் பக்கமாக 2 அடி உயரத்தில் ஒரு கல் திட்டு, தண்ணீர் தெறிக்காத தூரத்தில் ஒரு பிளக் பாயின்ட், தலைக்குமேல் குழவியைத் தூக்கி எடுக்கத் தாராளமான இடம். அவ்வளவுதான் கிரைண்டருக்கு வேண்டியது. 600 ரூபாய் கல் துண்டு, ஆனால் வயரிங் முடிந்த பிறகு யோசித்தால் சுவரை மறுபடி உடைக்க வேண்டும்.

சிலிண்டரை அடைத்த பெட்டிக்குள் வைக்கவே கூடாது. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். முடிந்தால் சிலிண்டர் காற்றோட்டமான யூட்டிலிட்டியில் இருக்கட்டும். சமையலறைக்குள்தான் வேண்டும் என்றால் அந்தக் கட்டத்துக்கு அடிப்பலகை, கதவு இரண்டும் வேண்டாம். "அசிங்கமா தெரியுமே" என்பார்கள். தெரியட்டும். குறைந்தபட்சம் கதவின் அடியில் காற்று போகப் பெரிய ஜாலியாவது (ஓட்டைத் தட்டி) வேண்டும், ரெகுலேட்டரைக் குனியாமல் மூடக் கை போக வேண்டும். அரிசி டிரம்முக்கும் இதே மாதிரி தரையோடு ஒரு திறந்த கட்டம் விட்டுவிட்டால், எந்த டிராயர் சேனலும் அந்த மூட்டையைச் சுமந்து முறிய வேண்டியதில்லை.

மாடுலர் கிச்சன் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே தரையைத் துடைப்பார்கள், நம் வீடுகளில் கழுவிவிடுவார்கள். அதனால் கீழ்ப் பெட்டிகளை 4 அங்குல பிவிசி கால்களில் நிற்க வைத்து முன்னால் பலகைப் பட்டை அடிப்பதை விட, செங்கலில் 4 அங்குலத் திட்டு கட்டி, முகப்பில் கிரானைட் ஒட்டி அதன்மேல் பெட்டியை உட்கார வைப்பது நம் ஊருக்குப் பொருந்தும். தண்ணீரும் கரப்பானும் அடியில் போகாது. அந்தத் திட்டையும் இன்றைக்கே கோடு போட்டால்தான் கொத்தனார் ஊருக்குப் போவதற்குள் கட்டிவிட்டுப் போவார்.

பூஜை அலமாரி வாஸ்துப்படி ஈசானிய மூலையில் வந்துவிடும், அதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். விளக்குச் சுடருக்கு மேலே என்ன இருக்கிறது என்று யாரும் பேச மாட்டார்கள். குத்துவிளக்கு நிற்கும் தட்டு கிரானைட்டாக இருக்கட்டும். சுடருக்கு நேர் மேலே லேமினேட் பலகை இருந்தால் முதலில் மஞ்சளாகும், பிறகு கறுக்கும், கடைசியில் உப்பும். விளக்கேற்றும்போது வெளியே இழுத்துக்கொள்ளும் ஒரு கல் தட்டு போட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

எல்லாம் வரைந்து முடிந்ததும், சுவரில் சுவிட்ச் பாயின்ட், ஏசி பைப், ஃபேன் கொக்கி எல்லாவற்றையும் குறித்து, ஒவ்வொரு சுவரையும் டேப் விரித்த நிலையில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். வீட்டுக்காரர், டிசைனர், எலெக்ட்ரீஷியன் மூவரும் அதே சுவரில் பென்சிலால் கையெழுத்துப் போடுவது நல்ல பழக்கம். பட்டி பூசினால் மறைந்துவிடும், போட்டோவில் இருக்கும். பின்னால் "நான் இங்க சொல்லவே இல்லையே" என்று யாராவது ஆரம்பித்தால் அதைக் காட்டலாம். படம் வரைய உட்கார வேண்டியது இதற்கு மறுநாள்.

பலகையும் ரேட்டும்

சதுர அடி ரேட்டை வைத்து இரண்டு பேரை ஒப்பிடுவது கிலோ விலையை வைத்து காய்கறிக் கூடையை ஒப்பிடுகிற மாதிரி. 7 அடி உயரம், 6 அடி அகலம் உள்ள அலமாரி 42 சதுர அடி. ஒருவர் 1,500 ரூபாய் என்கிறார், 63,000. இன்னொருவர் 1,100 என்கிறார், 46,200. இரண்டாமவரின் கொட்டேஷனில் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால், டிராயர் ஒன்றுக்கு 3,500 தனி. நாலு டிராயருக்கு 14,000. ஆக 60,200. உள்பக்க லேமினேட், கைப்பிடி, பூட்டு இன்னும் சேரவில்லை. முதுகுப் பலகை 6 மில்லிமீட்டரா 9 மில்லிமீட்டரா என்று எழுதியிருக்காது. ஆகவே கேட்க வேண்டியது இவ்வளவு: முன்பக்க அளவா, பெட்டியைப் பிரித்துப்போட்ட அளவா? லாஃப்ட் சேர்த்தா, தனியா? உள்ளே லேமினேட் உண்டா? எந்த பிராண்ட், எந்த கிரேடு, எத்தனை மில்லிமீட்டர்? ஜிஎஸ்டி சேர்த்தா?

கிரேடு என்று வந்தால் சமையலறைக்கும் குளியலறை ஒட்டிய சுவர்களுக்கும் ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள பலகை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்து ஒட்டு விடாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சோதனை. மற்ற அறைகளுக்கு ஐ.எஸ். 303. முத்திரையை யார் வேண்டுமானாலும் குத்தலாம் என்பதால், ஐஎஸ்ஐ குறியின் கீழே இருக்கும் சி.எம்/எல் என்ற உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்க்க வேண்டும். கடையில் ஒரு துண்டு அறுத்து வாங்கி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் ஸ்க்ரூ அங்கே பிடிக்காது. மீதியை வீட்டுக் குக்கரில் ஒரு மணி நேரம் வேகவைத்துப் பாருங்கள். 710 என்று விற்ற துண்டு புத்தக இதழ் மாதிரி விரிந்தால் கடைக்காரரிடம் பேச வேறு வார்த்தை தேவைப்படாது.

நல்ல பலகை வாங்கியும் கதவு வளைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் லேமினேட். முன்பக்கம் 1 மில்லிமீட்டர் மைக்கா ஒட்டிவிட்டு உள்பக்கம் வெறும் பெயின்ட் அடித்தால், ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கிக் கதவு வில்லாகும். உள்ளேயும் மெல்லிய லைனர் லேமினேட் ஒட்டித்தான் ஆக வேண்டும். 7 அடி ஒற்றைக் கதவுக்கு பிளைவுட்டை விட நடுவில் பைன் கட்டை வைத்த பிளாக்போர்டு (block board) பலகை நேராக நிற்கும். கீலும் கணக்கோடு வேண்டும்: 3 அடி வரை இரண்டு, 5 அடி வரை மூன்று, ஆறரை அடி வரை நாலு, அதற்கு மேல் ஐந்து. கீல் எண்ணிக்கையில் மிச்சம் பிடிக்கிற ஆள் வேறு எங்கெல்லாம் பிடித்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

கடற்கரை ஓரம் வீடு என்றால், பெசன்ட் நகரோ ஈசிஆரோ, ஸ்டீல் கைப்பிடியும் சேனலும் 304 கிரேடுக்குக் குறையக் கூடாது, பால்கனி கம்பி 316ஆக இருந்தால் நல்லது. காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள். மட்டமான 202லும் காந்தம் ஒட்டாது. சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் 202 சிவக்கும். சின்ன பாட்டில், ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்.

கமிஷன் விஷயத்தையும் மென்று முழுங்க வேண்டாம். டைல்ஸ், லைட், பிளைவுட் கடைகள் ஆளை அழைத்து வரும் டிசைனருக்குப் பங்கு கொடுக்கின்றன. கட்டணத்தைத் தனியாகப் பேசிக் கொடுத்துவிட்டு, பில்லை வீட்டுக்காரர் பெயரில் வாங்குவது இருவருக்கும் நிம்மதி. டிசைன் இலவசம் என்றால் அந்தப் பணம் எந்தப் பொருளின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

கிஷன்கர், ஆத்தங்குடி, லிஃப்ட்

இந்த வேலையில் ஊர் சுற்றுவது உண்டு. அதில் பாதி சென்னை சிட்னம்ஸ் ரோட்டுக்கும் வால்டாக்ஸ் ரோட்டுக்கும் நடுவே முடிந்துவிடும். மீதி கல்லைத் தேடி. ராஜஸ்தானில் அஜ்மீர் பக்கம் இருக்கும் கிஷன்கரில் மார்பிள் பாளங்கள் தெருத்தெருவாக நிற்கும். படத்தில் பார்த்த கோடு நேரில் அப்படியே கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஒரே பாறையிலிருந்து வரிசையாக அறுத்த பாளங்கள்தான் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் மாதிரி பொருந்தும். அதனால் வரிசை எண் விடுபடாமல் எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் பாலிஷுக்குப் பிறகு வரும் நிறம் தெரியும். பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் கல்லில் விரிசல் ஓட்டம் உண்டு, ரெசின் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். வாங்கக் கூடாது என்பதில்லை, அந்த விலைக்கு வாங்கக் கூடாது. நாலு மூலையிலும் தடிமன் அளந்து, தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பாளத்தின் முதுகிலும் கையெழுத்திட்டு போட்டோ எடுத்த பிறகே முன்பணம்.

சமையல் மேடைக்கு மார்பிள் கேட்பவர்களிடம் ஒரு துண்டின்மேல் புளிக்கரைசலை ஊற்றி ராத்திரி முழுக்க வைக்கச் சொல்ல வேண்டும். மார்பிள் சுண்ணாம்புச் சத்து நிறைந்த கல், புளி அதை அரிக்கும். காலையில் பளபளப்பு போன வட்டம் தெரியும். கிரானைட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆத்தங்குடிக் கல்லுக்குக் காரைக்குடிப் பக்கம் போக வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமென்ட் கரைசலை ஊற்றி, மேலே உலர்ந்த சிமென்ட் மணல், அதன்மேல் ஈரக் கலவை. சூளையே கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் ஊறித்தான் இறுகுகிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடியின் முகத்திலிருந்து வந்தது. கையால் ஊற்றுவதால் தொகுதிக்குத் தொகுதி நிறம் கொஞ்சம் மாறும். 10 சதவீதம் கூடுதலாகச் சொல்லி ஒரே முறையில் வாங்கி, பல கட்டுகளிலிருந்து கலந்து பதிக்க வேண்டும். ஃப்ளாட்டில் இதைப் போட ஆசைப்படுகிறவர்கள் மறப்பது தடிமன். கல் முக்கால் அங்குலம், அடியில் கலவை ஓர் அங்குலத்துக்கு மேல். பழைய டைல்ஸ்மேல் அப்படியே பதித்தால் தரை 2 அங்குலம் ஏறி, எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும். இடைவெளி விடாமல் நெருக்கிப் பதிக்கும் கைப்பழக்கம் அந்தப் பக்கத்து ஆட்களுக்கே உண்டு. கல்லோடு ஆளையும் அழைத்து வருவது உத்தமம். வேலை முடிந்ததும் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது ஆசிட் ஊற்றினால் கதை முடிந்தது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குத் தூண்களைப் பார்த்ததும் மனம் இளகும். அடியில் பூச்சி அரித்த வெள்ளைப் பொடி உதிர்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, டேப்பை எடுத்து நீளத்தை அளக்க வேண்டும். ஏனென்றால் எல்லாப் பயணமும் கடைசியில் போய் முட்டும் இடம் அடுக்குமாடியின் லிஃப்ட். 8 அடி பிளைவுட்டே பல லிஃப்ட்டுகளில் நுழையாது. 9க்கு 5 அடி மார்பிள் பாளம் கிட்டத்தட்ட 200 கிலோ. பதினோராவது மாடிக்குப் படியில் தூக்க மாடிக்கு இவ்வளவு என்று கூலி கேட்பார்கள், நியாயமாகவே. லிஃப்ட்டின் உள் உயரத்தையும் குறுக்கு மூலையையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் முதல் நாளே அளந்து வைத்திருந்தால், கல்லைக் கிஷன்கரிலேயே அறுத்து எடுத்து வந்திருக்கலாம்.

ஆடிக்கு முன், மார்கழிக்குப் பின்

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு நிம்மதியாக 60 முதல் 75 நாள் வேண்டும். ஆனால் தேதியை முடிவு செய்வது ஜோசியர். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் ஆனிக் கடைசியிலும் தை முதல் வாரத்திலும் எல்லா வீடும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். தை முகூர்த்தத்துக்கு வேலை செய்யும் மாதங்களோ சென்னையில் மழைக்காலம். பட்டி காயாது. காயாத பட்டிமேல் பெயின்ட் அடித்தால் பொங்கலுக்குள் தோல் உரியும். நடுவில் தீபாவளிக்கு ராஜஸ்தான் ஆசாரிகள் ஊருக்குப் போனால் இரண்டு வாரம் அறுப்பு மெஷின் சத்தமே கேட்காது. இதையெல்லாம் காலண்டரில் குறித்த பிறகே தேதி சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கடைசி 5, 10 சதவீதப் பணத்தைக் குறைப்பட்டியல் தீரும் வரை கையில் வைத்திருப்பதில் தவறில்லை.

சாவி கொடுத்த பிறகு வரும் முதல் மழைக்காலத்தில் கதவுகள் உரசும், மட்டம் மாறும். பலகை ஈரம் குடித்து ஊதும், அது குற்றமில்லை. கீலில் மூன்று திருகாணிகள் இருக்கின்றன. முன்னால் இருப்பது கதவை இடம் வலமாக நகர்த்தும், பின்னால் இருப்பது உள்ளே வெளியே தள்ளும், அடிப்பட்டையில் இருப்பது மேலே கீழே. ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஐந்து நிமிடமும் போதும். எந்தத் திருகாணி எதற்கு என்று கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டுவிட்டு வருகிற ஆசாரிகள் சிலர் இருக்கிறார்கள். கொட்டேஷனில் அதற்கு ஒரு வரியும் இருக்காது.